ஆடாமல் அசையாமல்...

மலர்க் குழுவில் இருக்கும் நண்பன் சென்ற மாதம் ஒரு நாள் காலையில் போனில் கூப்பிட்டான். "டேய், நீதான் பழைய காமிரா எல்லாம் சேர்த்து வெச்சிருக்கியே, அதைப் பத்தி நாலு பக்கம் எழுதிக் கொடு. அப்படியே நம்ம கிளாஸ் குரூப் போட்டோவையும் மலர்ல போடறோம். யார் யார் எங்கே நிக்கறாங்கன்னு பெயர்ப் பட்டியலையும் நீயே போட்டுக் கொடுத்துடு" என்றான். ஐம்பது வருஷம் கழித்தும் என்னை 'டேய்' என்று கூப்பிட ஆட்கள் மிச்சம் இருக்கிறார்களே என்ற சந்தோஷத்தில் இரண்டுக்கும் சரி என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, இரண்டும் ஒரே வேலை என்று.

அந்த நாளை ஞாபகப்படுத்திக் கொள்ளுங்கள். 1973 மார்ச். பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கிறது. இயற்பியல் மூன்றாம் ஆண்டு. மெயின் கட்டிடத்து போர்டிகோவுக்கு எதிரே கேண்டீன் பெஞ்சுகளைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். முன் வரிசையில் முதல்வரும் பேராசிரியர்களும் நாற்காலியில். அவர்கள் காலடியில் தரையில் குள்ளமானவர்கள் சிலர். பின்னால் நின்றபடி ஒரு வரிசை, பெஞ்சு மேல் ஏறி இன்னொரு வரிசை. ஹாஸ்டல்காரர்களிடம் மொத்தம் மூன்று டை இருந்தது. அதை யார் கட்டுவது என்று ஒரு பஞ்சாயத்தே நடந்தது. ஊரில் இருந்த ஸ்டூடியோக்காரர் பெரிய மரக் காமிராவை ஸ்டாண்டில் நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு நெடுநேரம் என்னவோ பார்த்தார். வெளியே வந்தார். கண்ணாடித் தகடு வைத்த பலகையைச் செருகினார். "எல்லாரும் இங்கே பாருங்க... சிரிக்க வேண்டாம்... ஆடாதீங்க..." என்று சொல்லிவிட்டு, லென்சின் மூடியைக் கழற்றி, கையைக் காற்றில் ஒரு வட்டம் சுற்றி, மறுபடி மூடினார். அவ்வளவுதான். அந்த ஒரு வட்டம் சுற்றும் நேரம்தான் நம் மூன்று வருஷத்துக்கும் சாட்சி.

அந்த நேரம் ஒரு விநாடிகூட இருக்காது. ஆனாலும் ஒருவன் ஆடிவிட்டான். பெஞ்சு மேல் நிற்கும் வரிசையில், இடமிருந்து ஏழாவது ஆள். சட்டை தெளிவாக இருக்கிறது, பட்டன்களை எண்ணலாம். கழுத்துக்கு மேலே மட்டும் புகை மாதிரி ஒரு முகம். அவன் கதைக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன்னால், போட்டோ எடுக்க மனிதன் ஏன் ஆடாமல் நிற்க வேண்டியிருந்தது, எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருந்தது என்று பார்த்துவிடலாம். போட்டோவின் சரித்திரத்தை எத்தனையோ விதமாகச் சொல்லலாம். வீட்டில் இருக்கும் நாற்பத்து மூன்று காமிராவையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், எனக்கு அது ஒரே விஷயமாகத்தான் தெரிகிறது: 'ஆடாதே' என்று சொல்ல வேண்டிய நேரம் எப்படிக் குறைந்துகொண்டே வந்தது என்பதுதான்.

பிரான்சில் நியெப்ஸ் என்று ஒருவர். 1826-27 வாக்கில் தன் வீட்டு மாடி ஜன்னலில் ஒரு பெட்டியை வைத்து, தார் போன்ற பிட்டுமன் பூசிய உலோகத் தகட்டில் எதிரே தெரிந்த கூரைகளைப் பதிவு செய்தார். இன்று நம்மிடம் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய காமிராப் படம் அதுதான். அதற்குக் குறைந்தது எட்டு மணி நேரம் ஆகியிருக்கும் என்கிறார்கள். சில நாட்கள்கூட ஆகியிருக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு. படத்தில் கட்டிடங்களின் இரண்டு பக்கத்திலும் வெயில் அடிக்கிறது! சூரியன் கிழக்கே இருந்து மேற்கே போகும் வரை பெட்டி திறந்தே இருந்ததால் வந்த வினை. அந்த முற்றத்தில் அன்றைக்கு எத்தனை பேர் நடந்தார்களோ, எத்தனை கோழி மேய்ந்ததோ, ஒருவருக்கும் படத்தில் இடமில்லை.

நியெப்சின் கூட்டாளி டாகெர். நியெப்ஸ் 1833-இல் இறந்துபோக, டாகெர் வேலையைத் தொடர்ந்தார். வெள்ளி பூசிய செப்புத் தகடு. அதற்கு அயோடின் ஆவி. காமிராவில் வைத்து எடுத்த பிறகு பாதரச ஆவி. எட்டு மணி நேரம் நிமிடக் கணக்குக்கு இறங்கியது. 1839 ஜனவரி 7-ஆம் தேதி பாரிசில் அறிவிப்பு; ஆகஸ்ட் 19-ஆம் தேதி செய்முறை விளக்கம். பிரெஞ்சு அரசு டாகெருக்கு ஆண்டுக்கு 6,000 பிராங்கும் நியெப்சின் மகனுக்கு 4,000 பிராங்கும் ஓய்வூதியம் தந்து, கண்டுபிடிப்பை உலகத்துக்கே இலவசமாக விட்டுவிட்டது. (இங்கிலாந்தில் மட்டும் டாகெர் சத்தமில்லாமல் காப்புரிமை வாங்கி வைத்துக்கொண்டார். தான தர்மத்திலும் கணக்கு உண்டு.)

டாகெர் 1838 வாக்கில் எடுத்த ஒரு படத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பாரிசில் டெம்பிள் சாலை. மேலே ஒரு ஜன்னலிலிருந்து எடுத்தது. குதிரை வண்டிகளும் ஜனங்களுமாக நெரிசலான தெரு அது. படத்திலோ ஈ காக்கை இல்லை. நகர்ந்துகொண்டிருந்தவர்கள் எல்லாரும் மறைந்துபோனார்கள். தெரு ஓரத்தில் ஒரே ஒரு ஆள் மட்டும் தெரிகிறான். ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொள்ளக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அதே இடத்தில் நின்றவன். பாலிஷ் போடுபவன்கூட அரைகுறையாகத்தான் தெரிகிறான், பாவம், அவன் கை வேலை செய்துகொண்டிருந்ததல்லவா! காமிராவில் முதன் முதலாகப் பதிந்த மனிதர்கள் இவர்கள் இருவரும்தான் என்று சரித்திரக்காரர்கள் சொல்கிறார்கள். இருவர் பெயரும் யாருக்கும் தெரியாது. நின்றவன் பதிவானான், அவ்வளவுதான்.

படம் விழுந்தால் மட்டும் போதாது, அது நிற்க வேண்டும். வெளிச்சம் பட்டால் வெள்ளி உப்பு கறுக்கும் என்பது டாகெருக்கு வெகுகாலம் முன்பே தெரிந்த சங்கதி. ஆனால் படாத பகுதியும் பிறகு கறுத்துப்போனால் படம் எங்கே? அதைக் கழுவி எடுக்க ஒரு மருந்து வேண்டும். ஹெர்ஷெல் என்ற ஆங்கில விஞ்ஞானி 1819-லேயே, ஹைப்போ என்ற உப்புக் கரைசல் வெள்ளி உப்புகளைக் கரைக்கும் என்று கண்டு எழுதி வைத்திருந்தார். 1839-இல் போட்டோ சமாச்சாரம் காதில் விழுந்ததும் அந்தப் பழைய குறிப்பு அவருக்குக் கை கொடுத்தது. ஹைப்போ! நண்பர்களே, இந்தப் பெயரைக் கேட்டதும் ஏதாவது ஞாபகம் வருகிறதா? ஆன்சிலரி கெமிஸ்ட்ரி பிராக்டிகலில் பியூரெட்டில் ஊற்றி, ஸ்டார்ச் போட்டு, நீலம் எப்போது மறையும் என்று கண்கொட்டாமல் பார்த்தோமே, அதே சோடியம் தயோசல்பேட்தான். சொட்டு அதிகமாகி ரீடிங் தப்பியவர்கள் பலர் இந்த மலரைப் படிப்பார்கள். அந்த உப்பு இல்லாவிட்டால் நம் வீட்டுக் கல்யாண ஆல்பம் ஒன்றுகூட இல்லை என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்சம் மரியாதையோடு ஊற்றியிருப்போம்.

டாகெரின் படம் ஒரே ஒரு பிரதிதான். இங்கிலாந்தில் டால்பட் என்பவர் காகிதத்தில் நெகடிவ் எடுத்து, அதிலிருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் போடலாம் என்று காட்டினார். 1841-இல் காப்புரிமையும் வாங்கினார். அந்தக் காகித நெகடிவ்தான், கொஞ்சம் மெழுகு சேர்ந்து, நம் தஞ்சாவூர் வரை மாட்டு வண்டியில் வந்தது.

கொண்டுவந்தவர் லின்னேயஸ் டிரைப். சென்னை ராணுவத்தில் காப்டன். 1855-இல் பர்மாவில் ஆவா அரசவைக்குப் போன தூதுக்குழுவோடு போய்ப் படம் எடுத்தவர். சென்னையில் 1856-இல் புகைப்படச் சங்கமே தோன்றிவிட்டது. அதன் பின்னால் இருந்தவர், எழும்பூர் ஓவியக் கல்லூரியின் மூலவித்தான கலைப் பள்ளியை 1850-இல் தொடங்கிய டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர். அதே 1856-இல் டிரைப்பைச் சென்னை மாகாணத்தின் அரசுப் புகைப்படக்காரராக நியமித்தார்கள். 1857 டிசம்பரில் கிளம்பி, ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். பெரிய காமிரா. நெகடிவ் ஏறக்குறைய ஒரு அடிக்கு ஒன்றேகால் அடி. மெழுகு பூசிய காகிதத்துக்கு வெளிச்சம் போதாது. நிமிடக் கணக்கில் திறந்து வைக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் மெழுகு என்ன பாடுபட்டிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அவர் படங்களில் மனிதர்கள் மிகக் குறைவு. இருப்பவர்களும் சொல்லி நிறுத்தி வைத்தவர்கள்தான். ஆனால் அவருக்கு மனிதர்கள் தேவைப்படவில்லை. கோபுரத்தைப் பார்த்து யாரும் 'ஆடாதே' என்று சொல்ல வேண்டியதில்லையே!

தஞ்சைப் பெரிய கோயிலில் அவர் செய்த ஒரு காரியம் என்னைத் திகைக்க வைக்கிறது. விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் கல்வெட்டை ஒரே படத்தில் எடுக்க முடியாது. துண்டு துண்டாக எடுத்தார். 21 படங்களை ஒட்டி, 19 அடிக்கு மேல் நீளமான ஒரு சுருளாக ஆக்கினார். 1858-இல்! இன்றைக்கு செல்போனைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று சுற்றினால் 'பனோரமா' வந்துவிடுகிறது. அவர் ஒவ்வொரு துண்டுக்கும் காமிராவை நகர்த்தி, அதே உயரம், அதே தூரம் என்று அளந்து வைத்திருக்க வேண்டும். இன்னொன்று: அன்றைய மருந்துக்கு நீல நிறமும் வெள்ளையும் ஒன்றுதான். ஆகவே வானம் எல்லாம் வெறும் வெள்ளையாக விழும். டிரைப் நெகடிவில் கையால் வண்ணம் தடவி மேகம் வரைந்துவிடுவார். 'போட்டோவில் கைவேலை செய்கிறார்கள், இந்தக் காலத்தில் எதையும் நம்ப முடியவில்லை' என்று அங்கலாய்ப்பவர்களுக்கு இதை நான் சொல்வதுண்டு. கைவேலைக்கு வயது நூற்று அறுபதுக்கு மேல். அவருடைய உத்தியோகம் நெடுநாள் நீடிக்கவில்லை. 1859-இல் கவர்னராக வந்த சர் சார்லஸ் டிரெவெலியன், இந்தச் செலவு நமக்குக் கட்டாது என்று நிறுத்திவிட்டார். ஆடிட் ஆட்சேபணையில் அடிபட்ட முதல் தமிழ்நாட்டுப் போட்டோ திட்டம் என்று வைத்துக்கொள்ளலாம்!

மனிதர்களை எடுப்பதுதான் கஷ்டமாக இருந்தது. வியன்னாவில் பெட்ஸ்வால் என்ற கணிதப் பேராசிரியர் 1840-இல், பீரங்கிப் படையிலிருந்து கணக்குத் தெரிந்த சிலரைக் கடன் வாங்கிக் கணக்குப் போட்டு, மிக அதிக வெளிச்சம் உள்ளே விடும் ஒரு லென்சை வடிவமைத்தார். முகப் படம் எடுக்க அது வழி திறந்தது. அப்படியும் ஸ்டூடியோக்களில் நாற்காலிக்குப் பின்னால் இரும்புக் கவட்டை ஒன்று இருக்கும். தலை ஆடாமல் இருக்கப் பிடரியில் முட்டுக் கொடுப்பார்கள். அந்தக் காலத்துத் தாத்தாக்கள் எல்லாரும் போட்டோவில் ஏன் அவ்வளவு விறைப்பாக, சிரிப்பே இல்லாமல் இருக்கிறார்கள் என்று பேரப்பிள்ளைகள் கேட்டால், குணத்தை மட்டும் காரணமாகச் சொல்லாதீர்கள். அரை நிமிடம் சிரித்தபடியே இருந்து பாருங்கள், தெரியும்.

1851-இல் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயச் சிற்பி, கண்ணாடியில் கொலோடியன் என்ற பசையைப் பூசி, ஈரம் காய்வதற்குள் எடுத்துக் கழுவும் முறையைக் கொண்டுவந்தார். நேரம் சில விநாடிகளாகக் குறைந்தது. காப்புரிமை வாங்காமல் எல்லாருக்கும் விட்டுக் கொடுத்தார். 1857-இல் ஏழையாகச் செத்துப்போனார். ஈரத் தகட்டின் தொல்லை, போகிற இடமெல்லாம் இருட்டுக் கூடாரத்தையும் கூடவே தூக்கிக்கொண்டு போக வேண்டும். 1871-இல் மேடாக்ஸ் என்ற டாக்டர் ஜெலாட்டின் பூசிய உலர்ந்த தகடு பற்றி எழுதினார். கொலோடியனின் ஈதர் வாடை அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம், அதனால்தான் வேறு வழி தேடினார். சில வருஷங்களில் தகடுகள் தொழிற்சாலையில் செய்து பெட்டியில் வந்தன. விநாடி, விநாடியின் பின்னமாயிற்று. நம் குரூப் போட்டோ எடுத்த தகடு இந்த வம்சம்தான்.

அடுத்து வருகிறவர் என் ஜாதிக்காரர் (பேங்க் ஜாதியைச் சொல்கிறேன்!). ஜார்ஜ் ஈஸ்ட்மன், அமெரிக்காவில் ராசெஸ்டர் நகரில் ஒரு சேமிப்பு வங்கியில் குமாஸ்தா. 1877-இல் ஒரு வெளியூர்ப் பயணத்துக்காகப் போட்டோ சாமான்கள் வாங்கினார். பயணம் போகவில்லை, சாமான் பிடித்துக்கொண்டது. 1881-இல் வேலையை விட்டார். 1888-இல் 'கோடக்' என்று அர்த்தமே இல்லாத ஒரு பெயரை வைத்து, நூறு படம் எடுக்கும் சுருள் அடைத்த பெட்டியை 25 டாலருக்கு விற்றார். நூறும் எடுத்து முடித்ததும் காமிராவையே ராசெஸ்டருக்கு அனுப்ப வேண்டும். 10 டாலர் கொடுத்தால் படங்களும், புதுச் சுருள் போட்ட காமிராவும் திரும்பி வரும். 1900-இல் 'பிரௌனி' என்ற அட்டைப் பெட்டிக் காமிராவை ஒரே டாலருக்குக் கொடுத்தார். முதல் வருஷமே ஒரு லட்சத்துக்கு மேல் விற்றது. நானும் பேங்கில் குமாஸ்தாவாகத்தான் சேர்ந்தேன். ராஜினாமா செய்யத் தைரியம் வரவில்லை, சேர்க்கத்தான் தைரியம் வந்தது.

சேர்க்கத் தொடங்கியது 1978-இல். சென்னையில் வேலை. சனிக்கிழமை மதியம் ஆனால் மூர் மார்க்கெட். பழைய புத்தகம் தேடப் போனவன், ஒரு கடையில் பூட்டு, சாவி, மூக்குக் கண்ணாடி நடுவே ஒரு பெட்டிக் காமிராவைப் பார்த்தேன். இரண்டாம் நம்பர் பிரௌனி. கடைக்காரர் அறுபது சொன்னார், முப்பத்தைந்துக்கு முடிந்தது. அந்த ரகம் வந்தது 1901-இல். அதற்கென்றே செய்த 120 பிலிம் இன்றும் தயாராகிறது. 127 போயிற்று, 620 போயிற்று, 120 மட்டும் நிற்கிறது. கொஞ்சம் விலை கொடுத்துப் புது பிலிம் வாங்கி, சிவப்பு ஜன்னலில் எண் வரும் வரை திருகி, வாசலில் நின்ற என் மனைவியை எடுத்தேன். ஒரு லென்ஸ், ஒரு தகரத் துண்டு, ஒரு ஸ்பிரிங். விநாடியில் முப்பதில் ஒரு பங்கோ ஐம்பதில் ஒரு பங்கோ. படம் அருமையாக வந்தது. "என்னமோ எங்க பாட்டி மாதிரி இருக்கேன்" என்றாள் அவள்.

1985 மே மாதம் மூர் மார்க்கெட் எரிந்தது. அந்தக் கடை எந்த இடத்தில் இருந்தது என்று இப்போது எனக்கே காட்டத் தெரியாது.

காமிரா சேர்ப்பதில் எல்லாருக்கும் ஒரு தலைக்கனம் வரும். எனக்கு லைக்கா வேண்டும் என்று வந்தது. ஜெர்மனியில் ஆஸ்கார் பார்னாக் என்ற ஆஸ்துமாக்காரர், கனமான காமிராவைத் தூக்கி மலை ஏற முடியாமல், சினிமா பிலிமைப் போட்டு எடுக்கும் சின்னக் காமிராவை முதல் உலகப் போருக்கு முன்பே செய்து பார்த்திருந்தார். 1925-இல் லைப்சிக் சந்தையில் அது விற்பனைக்கு வந்தது. விநாடியில் ஐந்நூறில் ஒரு பங்கு வரை ஷட்டர். இனிமேல் யாருக்கும் 'நில்' என்று சொல்ல வேண்டாம். ஓடுகிறவனை ஓடும்போதே பிடிக்கலாம். 2004-இல் வெளியூரில் ஒரு பழம்பொருள் வியாபாரி தங்க நிறத்தில், கழுகு முத்திரையோடு, 'லைக்கா' என்று செதுக்கிய ஒன்றைக் காட்டினார். பதினெட்டாயிரம். பி.எப். பணம். வீட்டுக்கு வந்து நாலு நாள் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். விஷயம் தெரிந்த ஒருவர் வந்து லென்சைத் திருகிக் கழற்றினார். உள்ளே தூரம் பார்க்கும் நெம்புகோலின் நுனியைக் காட்டினார். "சார், லைக்காவில் இந்த இடத்தில் சின்னச் சக்கரம் இருக்கும். இது பாருங்க, நாக்கு மாதிரி இருக்கு. இது ரஷ்யாக்காரன்." சோவியத் நாட்டில் ஃபெட், ஸோர்க்கி என்று லைக்காவைப் பார்த்துச் செய்தார்கள். ஃபெட் 1934-இலிருந்து கார்கோவில், அநாதைச் சிறுவர்களின் தொழிற்கூடத்தில் செய்யப்பட்டது; ஸோர்க்கி 1948-இலிருந்து. அதைச் சுரண்டி, முலாம் பூசி, பெயர் மாற்றி விற்பது ஒரு தனித் தொழில். என்னுடையது ஸோர்க்கி. கொஞ்ச நாள் அவமானமாக இருந்தது. பிறகு பிலிம் போட்டுப் பார்த்தேன், நன்றாகவே எடுத்தது. வாங்கப் போகிறவர்களுக்கு ஒரே வார்த்தை: கழற்றிப் பார்க்க விடாத வியாபாரியிடம் வாங்காதீர்கள்.

நம்மில் பலர் முதலில் தொட்ட காமிரா லைக்காவும் இல்லை, பிரௌனியும் இல்லை. பரோடாவில் செய்த ஆக்ஃபா கிளிக்-3. பிளாஸ்டிக் உடம்பு, 120 பிலிம், பன்னிரண்டு படம். வெயிலா மேகமா என்று லென்ஸ் வளையத்தைத் திருப்புவது தவிர வேறு வேலை இல்லை. கல்லூரிச் சுற்றுலாவில் வகுப்புக்கு ஒன்று கட்டாயம் இருக்கும். பன்னிரண்டே படம் என்பதால் ஒவ்வொன்றுக்கும் முன்னால் விவாதம். பிலிமுக்கும் வெளிநாட்டைப் பார்க்க வேண்டாம் என்று ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை எழுந்தது. 1960-இல் நிறுவனம், 1967-இல் உற்பத்தி, 'இந்து' என்று பெயர். எக்ஸ்ரே பிலிமும் அங்கேயிருந்து வந்தது. அந்த ஆலை இப்போது மூடப்பட்டுவிட்டது. பிரிக்காத 'இந்து' ரோல் ஒன்று என் பீரோவில் காமிராக்களோடு காமிராவாக இருக்கிறது. அதில் எதையும் எடுக்க மனசு வரவில்லை.

சேர்ப்பது பெரிதில்லை, நம் ஊர் ஈரக் காற்றில் காப்பாற்றுவதுதான் பெரிது. லென்சுக்குள் வெள்ளை நூல் மாதிரி பூசணம் பிடிக்கும். தோல் உறைக்குள் வைத்தால் இன்னும் சீக்கிரம் பிடிக்கும். அழகாக இருக்கிறதே என்று உறையிலேயே வைப்பவர்கள் முதலில் அழுவார்கள். துருத்தியில் ஊசித்துளை இருக்கிறதா என்று பார்க்க, இருட்டில் உள்ளே டார்ச் அடித்தால் நட்சத்திரம் மாதிரி தெரியும். மாதம் ஒரு தடவை எல்லா ஷட்டரையும் நாலு முறை அழுத்த வேண்டும். சும்மா இருந்தால் இறுகிப்போகும் (நமக்கும் டாக்டர் இதையேதான் சொல்கிறார்). அமாவாசைக்கு அமாவாசை இந்த வைபவம் எங்கள் வீட்டில் நடக்கும். "சாமிக்குப் பண்ற அபிஷேகத்தைவிட இதுக்கு நேரம் ஜாஸ்தி" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 1996-இல் ஒரு கல்யாணத்துக்காக நம் கல்லூரி ஊருக்குப் போனேன். அந்த ஸ்டூடியோ இருந்த இடத்தில் கடையைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். பெரியவர் காலமாகிவிட்டார், மகனுக்கு வேறு தொழில். மூலையில் சாக்கைப் போட்டு மூடி, மரக் காமிரா. தேக்குச் சட்டம், பித்தளைத் தகடு, சிவப்புத் துருத்தி, ஷட்டரே இல்லாத பித்தளை லென்ஸ், அதற்கு அந்த மூடி. நம்மைப் பார்த்த அதே காமிரா! கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு, மெதுவாகக் கேட்டேன்: "தம்பி, அப்பா எடுத்த கண்ணாடி நெகடிவ் எல்லாம்?"

"கண்ணாடியா சார்? அதையெல்லாம் அப்பவே சுடுதண்ணியில ஊறப்போட்டுத் தேய்ச்சு, சாமி படம் பிரேம் போடறவங்களுக்குக் கொடுத்தாச்சே. நல்ல கண்ணாடி சார், நம்ம வீட்டு முருகன் படத்துலகூட அதுதான்" என்றார்.

கோபித்துக்கொள்ள முடியவில்லை. இடம் இல்லாதவர், வாடகை கட்டுகிறவர். நாட்டில் எத்தனையோ ஸ்டூடியோக்களின் கதை இதுதான். பிலிம் நெகடிவ் என்றால் வெள்ளிக்காகப் போகும், கண்ணாடி என்றால் கண்ணாடிக்காகப் போகும். ராஜாக்களின் போட்டோக்காரரான லாலா தீன் தயாளின் தகடுகளில் 2,857-ஐ டெல்லியில் இந்திராகாந்தி கலை மையம் 1989-இல் வாங்கிப் பத்திரப்படுத்தியிருக்கிறது. ராஜாக்களை எடுத்தால் அந்த யோகம். மூன்றாம் ஆண்டு இயற்பியலை எடுத்தால் முருகன் படத்துக்குத்தான். இதில் நானும் குற்றவாளிதான். பதினெட்டு வருஷமாகப் பெட்டிகளை வாங்கிப் பூஜை செய்தவன், அந்த ஊர் வழியாக எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். ஒரு தடவை இறங்கி, அந்தத் தகடுகளைக் கேட்டு வாங்க வேண்டும் என்று தோன்றவில்லை. காமிரா எங்கேயாவது இன்னொன்று கிடைக்கும். அது பார்த்தது கிடைக்காது.

ஆகவே இப்போது நம்மிடம் இருப்பது அச்சுப் பிரதிதான். என் பிரதி மாற்றல்களில் தொலைந்துவிட்டது. வகுப்பு நண்பன் ஒருவன் தன் பிரதியைக் கொண்டுவந்து கொடுத்தான். படம் தப்பித்தது. கீழே அட்டையில் பெயர்கள் அச்சடித்திருந்த பகுதியைக் கரையான் ஒரு எழுத்து விடாமல் தின்றுவிட்டது. துறையில் விசாரித்தேன், பழைய கட்டிடத்தை இடித்தபோது சுவரில் இருந்த படங்கள் என்ன ஆயின என்று யாருக்கும் தெரியவில்லை. பிறகு படத்தைப் பெரிதாக்கி எல்லாருக்கும் அனுப்பி, போன் மேல் போன் போட்டு, முகம் முகமாகப் பெயர் சேர்த்தேன். நம் வருகைப் பதிவேட்டில் நாற்பது பெயர். படத்தில் மாணவர்கள் முப்பத்தேழு. முப்பத்தாறு முகத்துக்குப் பெயர் வந்துவிட்டது. மிச்சம் ஒரே முகம், அந்த ஏழாவது ஆள். மிச்சம் நாலு பெயர். அதில் ஒருவர் இருக்கிறார். "நான் அன்னிக்கு ஜுரத்துல ஊருக்குப் போயிருந்தேன், நான் இல்லை" என்று சொல்லிவிட்டார். இருவர் காலமாகிவிட்டார்கள். இன்னொருவர் எங்கே இருக்கிறார் என்று இதுவரை யாருக்கும் தெரியவில்லை. மூவரில் ஒருவன் அவன்.

சட்டையை வைத்து இரண்டு பேர் இரண்டு பெயர் சொல்கிறார்கள். எனக்கும் ஒரு யூகம் உண்டு. வகுப்பில் சும்மா உட்காரத் தெரியாமல் டெஸ்க்கில் தாளம் போட்டுக்கொண்டே இருப்பான் ஒருவன். ஆனால் யூகத்தை அச்சில் போட என் கை வரவில்லை. தப்பாகிவிட்டால், இல்லாத ஒருவன் இருந்ததாகவும், இருந்த ஒருவன் இல்லாததாகவும் ஆகிவிடும். அதனால் இந்த மலரில் அந்த இடத்தில் வெறும் கோடு போட்டிருக்கிறேன்.

காலமான நண்பர்களின் குடும்பத்தாரும் இந்தச் சந்திப்புக்கு வருவதாகச் சொன்னார்கள். அவர்கள் வீட்டுப் பரணிலோ டிரங்குப் பெட்டியிலோ, பெயர்கள் கரையான் அரிக்காத பிரதி ஒன்று இருக்கலாம். இருந்தால், வரும்போது எடுத்து வாருங்கள். மரக் காமிராவை நானும் கொண்டுவருகிறேன். இதற்காகவே தகடு அளவுக்கு பிலிம் நாலு வாங்கி வைத்திருக்கிறேன். இரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு, அதே போர்டிகோ எதிரில். பெஞ்சு மேல் ஏற வேண்டாம், நாற்காலியே போடச் சொல்லியிருக்கிறேன். பெயர்ப் பட்டியலை எடுக்கும்போதே எழுதிவிடப் போகிறோம், பென்சிலால், படத்தின் பின்பக்கம். மூடியைக் கழற்றிக் கை ஒரு வட்டம் சுற்றும் வரை மட்டும், தயவுசெய்து, யாரும் ஆடாதீர்கள்.